படகு யாருக்கு நிற்கும்

எங்கள் குப்பத்தில் ஒருவர் ஊர்க்காரரா இல்லையா என்பதை ஆதார் அட்டை சொல்லாது, ரேஷன் அட்டையும் சொல்லாது. அவர் செத்த அன்று படகு நின்றதா என்று கேட்டால் போதும். நின்றது என்றால் ஊர்க்காரர். நிற்கவில்லை என்றால், ஐம்பது வருடம் இங்கேயே குடியிருந்திருந்தாலும் அவர் வந்து போனவர்தான்.

பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல்மேடு. அதில்தான் எங்கள் குப்பம். இங்கே ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. விடியற்காலையில் போனவர்களும் சேதி கேட்டதும் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பெண்கள் மீன் விற்க உட்காரமாட்டார்கள். அடக்கம் முடிந்து மறுநாள் விடிந்த பிறகுதான் படகு இறங்கும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை.

அந்தப் படகு என் அம்மாவுக்கு நிற்குமா என்பதுதான் நான் சொல்லப்போவது. அந்தக் கேள்வியைக் கேட்டவள் அம்மாவேதான். நல்ல ஆரோக்கியத்தோடு, வாயில் வெற்றிலையோடு, ஊர்க்கூட்டத்தின் நடுவில் போய் நின்று கேட்டாள்.

அம்மா வங்காளி. அவளைப் பெற்றவர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக அந்தமானுக்கு வந்து, காட்டை வெட்டி நெல் போட்டவர்கள். என் அப்பா இந்தக் குப்பத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னையில் கப்பலேறி, அந்தமானில் மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பேரும் எந்த ஊரையும் எந்தப் பெரியவரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் போர்ட் பிளேரில் பிறந்தேன். அப்பாவை நைனா என்று கூப்பிட்டேன், அது இந்தக் கரையின் வழக்கம். அம்மாவை மா என்று கூப்பிட்டேன், அது அவள் வீட்டு வழக்கம். அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது இந்தியில். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்.

எனக்குப் பதினான்கு வயதானபோது நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். ஊர் அவரைத் துரத்தவில்லை. ஆனால் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. இங்கே கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஊரைக் கேட்காமல் கட்டியவனுக்குத் தலைக்கட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தலைக்கட்டு இல்லையென்றால் ஏரியில் பாடும் கிடையாது. பாடு என்பது முறை. இறால் ஓடும் நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று வைத்திருப்பார்கள். முறையைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சொந்தப் பாடு இல்லாமல் நைனா மற்றவர்கள் படகில் ஆளாகப் போய் இரண்டு வருடம் ஓட்டினார். பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விழுந்து இறந்துபோனார்.

அன்றைக்குப் படகு நின்றது. நைனாவுக்கு அண்ணன் முறையான பெரியப்பாதான் ஊரில் பெரியவர். அவர் மணலில் நின்று, "இன்னா இருந்தாலும் இங்க பொறந்தவன்டா, எல்லாத்தையும் ஏத்துங்க" என்று சொன்னார். அம்மாவுக்கு அப்போது தமிழ் அவ்வளவாகப் புரியாது. கரையில் வரிசையாக ஏற்றியிருந்த படகுகளைக் காட்டி, இன்றைக்கு ஏன் யாரும் போகவில்லை என்று என்னிடம் வங்காளத்தில் கேட்டாள். நைனாவுக்காக என்றேன். அதுவரை விறைத்துப்போய் நின்றிருந்தவள் அப்போதுதான் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை. எனக்கு ஊர் மேல் கோபம். உயிரோடு இருந்தபோது ஒரு பாடு கொடுக்க மனசில்லாதவர்கள், செத்த பிறகு படகை நிறுத்தி என்ன பெருமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதினாறு வயதுப் பெண் அப்பன் பிணத்துக்கு முன்னால் அழாமல் நின்றதை ஊர் மறக்கவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்ற பெயர் எனக்கு அன்றிலிருந்து.

எல்லோரும் அம்மா தீவுக்கே திரும்பிவிடுவாள் என்று நினைத்தார்கள். அவள் போகவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். முதல் மாதம் அவளுக்கு உட்கார இடம் கொடுக்க ஆளில்லை. இந்திக்காரி, இந்திக்காரி என்று ஒதுக்கினார்கள். இந்தி எனக்கும் வேற்றுமொழிதான் என்று சொல்லக்கூட அவளுக்குத் தமிழ் போதவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தைதான் தன் பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, "வந்து குந்து அண்ணி, அவளுங்க கெடக்கறாளுங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்த அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் கிடையாது. நைனாவை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவள், அவ்வளவுதான்.

அம்மாவின் தமிழ் மார்க்கெட்டில் கற்ற தமிழ். அதில் 'நீங்க' கிடையாது. போலீஸ்காரரும் நீதான், கோயில் பூசாரியும் நீதான். ஆண் பெண் வித்தியாசமும் அவள் வினைச்சொற்களில் இருக்காது. ஆனால் நண்டைத் தூக்கிப் பார்த்தே உள்ளே சதை இருக்கிறதா, தண்ணீரா என்று சொல்லிவிடுவாள். கொடுவா மீனை நாங்கள் கடுகு அரைத்து, கடுகு எண்ணெயில் செய்து சாப்பிடுவோம். அந்த வாடைக்குத் தெருவே மூக்கைப் பிடித்தது. அத்தை மட்டும் கொல்லைப்புறமாக வந்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போவாள். "வாயில வெச்சா மண்டைக்கு ஏறுது" என்று திட்டிக்கொண்டே மறுவாரமும் வருவாள்.

இந்த இருபது வருடத்தில் ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் அம்மா மீன் விற்றதில்லை. ஒருமுறை மார்க்கெட்டில் கூடை நிறைய நண்டோடு உட்கார்ந்திருந்தபோது சேதி வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவள் கூடையோடு திரும்பி வந்து, பாலத்துக்குக் கீழே நண்டையெல்லாம் ஏரியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். செத்தது யார் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

நான் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலையில் சேர்ந்தேன். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் குப்பத்துக்கு வருவேன். ரயிலில் கூட வரும் பெண்கள், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பழவேற்காடு என்றால் முகத்தைப் பார்த்து, "பாத்தா தெரியலயே" என்பார்கள். அந்தமான் என்றால், "அங்க பழங்குடியா?" என்பார்கள். அப்பா இந்த ஊர், அம்மா வங்காளம் என்று முழுக்கச் சொன்னால், "அப்ப நீங்க எதுல சேர்த்தி?" என்று கேட்பார்கள். எதிலாவது சேர்ந்துதான் ஆகவேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் எனக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

இருபத்துநான்கு வயதில் அந்த ஆசையோடு கப்பலேறி அந்தமானில் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் பக்கமாவது என்னை முழுசாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. மாமி மீன் பரிமாறிவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து நான் முள் எடுப்பதைக் கவனித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம், "மதராஸிப் பெண்ணுக்கு முள் எடுக்கத் தெரிகிறதே" என்று வங்காளத்தில் சொன்னாள். எனக்கு வங்காளம் புரியாது என்று நினைத்துவிட்டாள். நம் பூர்வீக ஊர் எங்கே இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். அவர் கடல் இருக்கும் திசையில் கையை நீட்டி, அந்த ஊரை ஆறு எப்போதோ அரித்துத் தின்றுவிட்டது, இப்போது அங்கே தண்ணீர்தான் ஓடுகிறது என்றார். மூன்று நாள் கப்பல் பயணம் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல். சென்னையில் இறங்கியபோது முடிவு செய்துவிட்டேன், இனி எந்த வாசலிலும் போய் நான் உங்கள் பெண்தானே என்று நிற்பதில்லை.

அம்மா அப்படி இல்லை. நிற்க வேண்டிய வாசலில் போய் நிற்கக்கூடியவள். ஊர்க்கூட்டத்தில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கக் காரணமானது இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு சாவு. குப்பத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். மீஞ்சூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வருடமாக இங்கேயே கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தவர். அவர் கை படாத இன்ஜின் இந்தக் கரையில் கிடையாது. அவர் இறந்த அன்று காலையில் எல்லாப் படகும் வழக்கம்போலப் போயின. அவர் சரிபார்த்துக் கொடுத்த இன்ஜின்கள் அவர் வீட்டு வாசல் வழியாகவே சத்தம் போட்டுக்கொண்டு போயின. அம்மா மணலில் நின்று கடைசிப் படகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம். பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை, தூரத்தில் நின்று கேட்பார்கள். அம்மா நேராக ஆண்களுக்கு நடுவில் போய் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பெரிவரே, ஒண்ணு கேக்கணும். நான் செத்தா படகு நிக்குமா, நிக்காதா?" என்றாள்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியப்பா முகம் சுளித்து, "இன்னாம்மா வெளக்கு வெக்கிற நேரத்துல சாவுகீவுனு பேசிகினு. போ, ஊட்டுக்குப் போ" என்றார்.

"நிக்குமா, நிக்காதா? ஒரு வார்த்த சொல்லு, போறேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "தோ பாரும்மா. உன் மேல யாருக்கும் ஒண்ணும் கெடையாது. பொறந்தவனுக்கு நிக்கும். ஊரக் கேட்டுக் கட்டிக்கிட்டு வந்தவளுக்கு நிக்கும். உன் ஊட்டுக்காரன் கேக்கலியே. நாங்க இன்னா பண்ண?"

அம்மா கையை விரித்துக் காட்டினாள். அவள் ஊரில் விரல் கணுக்களில்தான் எண்ணுவார்கள். கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டே, "உன் அம்மா செத்துச்சி, நான் கட போடல. உன் தம்பி செத்துச்சி, நான் கட போடல. கோயில் பூசாரி, அத்த மாமியாரு, புயல்ல போன ரெண்டு பேரு" என்று போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு கையும் முடிந்து மறுபடி முதல் கைக்கு வந்தாள். "நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி ரெண்டு பேருக்கு நான் நின்னேன். எனக்கு நீ நிக்க மாட்டியா?"

சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அடங்கவில்லை. "அவங்க செத்தா நிக்காதுன்னா, நான் செத்தா? நான் அவரு பொண்ணுதானே?" என்று கேட்டேன்.

"நீ பொறந்தது தீவுல. நாளைக்கு எவனயாவது கட்டிகினு போவப் போறவ" என்றார் பெரியப்பா. "முப்பது தாண்டியும் கட்டிக்கலயே, அது வேற கத" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நான் திரும்பி ஒரு முறை முறைத்ததில் அந்தக் குரல் மறுபடி வரவில்லை. ஊர் கூடிப் பேசிச் சொல்கிறோம் என்று கூட்டத்தைக் கலைத்தார்கள். பேசவும் இல்லை, சொல்லவும் இல்லை. அம்மா மட்டும் பெரியப்பாவை எங்கே பார்த்தாலும், "பேசியாச்சா?" என்று கேட்பாள். அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். நான் அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். மீஞ்சூருக்கு வந்துவிடு என்று அம்மாவை எத்தனையோ முறை கூப்பிட்டேன். பதில் சொல்கிறவரை இங்கிருந்து நகரமாட்டேன், சாகவும் மாட்டேன் என்றாள்.

போன மார்கழியில் ஒரு நாள். மழை விட்டு, முகத்துவாரம் திறந்து, ஏரியில் இறால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சமயம். மீஞ்சூரில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் அம்மா பக்கத்தில் உட்காரும் வெளியூர்ப் பெண் போன் செய்தாள். அம்மா மயங்கி விழுந்துவிட்டாள், பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பியிருக்கிறோம் என்றாள். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. கட்டிலில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். கை சில்லிட்டிருந்தது. இருபது வருடமாக இந்த ஊரோடு போட்ட சண்டை எல்லாம் வீணாகப் போய்விட்டது, பதில் வராமலே இவள் போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முதல் நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது, பிரஷர் இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை என்றார். ஒரு பாட்டில் ஏறியதும் அம்மா கண்ணைத் திறந்து, நண்டுக் கூடை எங்கே என்று வங்காளத்தில் கேட்டாள்.

நான் வராந்தாவுக்கு வந்து அத்தைக்குப் போன் செய்தேன். அத்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அம்மா மயங்கியதும் பொன்னேரிக்கு அனுப்பியதும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இன்னாடி ஆச்சி?" என்றாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாமல் கேவிக்கேவி அழுதேன். அந்தப் பக்கம், "ஐயோ, அண்ணி" என்று ஒரு அலறல், போன் கட்டாகிவிட்டது. எனக்கு அழுகை முடிந்தபோது மனம் லேசாக இருந்தது. அம்மாவுக்கு இட்லி வாங்கப் போய்விட்டேன்.

என் முட்டாள்தனம் அப்போது எனக்குப் புரியவில்லை. அப்பன் செத்தபோதே அழாதவள் நான். நான் போனில் அழுதால் எங்கள் குப்பத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிறகு நான் இரண்டு முறை கூப்பிட்டேன், அத்தை எடுக்கவில்லை. காய்ச்சலில் தூங்குகிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம்வரை இருக்கவேண்டும் என்று சொன்ன நர்ஸிடம் அம்மா சண்டை போட்டாள். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டு மதியத்துக்குள் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டும்வரை அம்மா தூங்கினாள். பழவேற்காட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாலத்தில் ஏறியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் பாடு போடும் இடங்களில் ஒரு படகுகூட இல்லை.

"யாரோ செத்துட்டாங்க" என்றாள். முகம் மாறிவிட்டது. "பெரிவருதான். நேத்தே இருமிக்கிட்டு இருந்துச்சி." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி. நல்ல ஆளு. எனக்குப் பதில் சொல்லாமப் போயிடுச்சே." எனக்கும் மனசு கனத்தது. இரண்டு வருடம் அவரோடு பேசாமல் இருந்துவிட்டேனே என்று நினைத்தேன்.

ஆட்டோ எங்கள் தெருவில் திரும்பியபோது எங்கள் வீட்டு வாசலில்தான் கூட்டம் இருந்தது. பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை தலையை விரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து, கடுகுக் குழம்பு ஊத்திக் குடுத்த மவராசி என்று ராகம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி, அந்தக் கூட்டத்தைப் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது. அத்தை எழுந்து வந்து அம்மாவின் தோளில் இரண்டு அடி வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். "நீதான் அண்ணி. நீதான் செத்துப் பூட்ட" என்றாள்.

பெரியப்பா உயிரோடுதான் இருந்தார். ஒரு நாற்காலியில், இடுப்புக்குக் கீழே நனைந்த கைலியோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முகத்துவாரத்துப் பாடு அவர் வீட்டு முறை. அந்த மாதத்திலேயே நல்ல நாள். சேதி கேட்டதும் முதலில் வலையை இழுத்தது அவர்தான் என்று அத்தை பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் யாரும் தலைக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. யார் ஊரைக் கேட்டார், யார் கேட்கவில்லை என்று யோசிக்கவும் இல்லை. அண்ணி போய்விட்டாள் என்று அத்தை கரையில் நின்று துண்டை வீசிக் கத்தியிருக்கிறாள். ஒவ்வொரு படகாகத் திரும்பியிருக்கிறது.

அம்மா தெருமுனைக்கு நடந்து போய்க் கரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எல்லாப் படகும் மேட்டில் ஏறியிருந்தது. வலைகள் ஈரத்தோடு குவியலாகக் கிடந்தன. அம்மாவின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு மறுபடி அழுகை முட்டியது, ஆனால் இந்தமுறை போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, முதலில் தெளிந்தவன் அவன்தான். "அதான் உயிரோட கீதே. பொழுது நெறைய கீது நைனா. வலைய ஏத்தினா இன்னும் ஒரு இழுப்பு இழுத்துடலாம்" என்று படகுப் பக்கம் நகர்ந்தான். நாலைந்து பேர் அவன் பின்னால் போனார்கள்.

"நில்லு" என்றாள் அம்மா. மணலில் அவர்களுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். காலையில் மயங்கி விழுந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "யாரும் போவக் கூடாது. எனக்குன்னு நிறுத்திட்ட. இன்னிக்கி என் நாளு."

"சாவலியே நீ!" என்று பெரியப்பா எழுந்து வந்தார். அவருக்கு வெட்கமா கோபமா என்று சொல்ல முடியாத முகம். "ஒரே பேஜாராப் போச்சி. எங்க பாடு போச்சி. சரி, நிக்கறதுன்னா நிக்கட்டும். ஆனா ஒண்ணு. ஒரு உசுருக்கு ஒரு நாளு. இன்னிக்கே எடுத்துக்கினா, நெஜமா சாவும்போது யாரும் நிறுத்தமாட்டோம். யோசிச்சிக்க."

அம்மா யோசிக்கவே இல்லை. "இன்னிக்கே குடு. செத்தவங்க ஒருத்தரும் இத பாத்ததில்ல. நான் பாத்துட்டேன். எனக்குப் போதும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. இரண்டு வருடம் அந்த மனிதரிடம் பேசாத வாயைத் திறந்தேன். "பெரிப்பா, அவங்க நாள் இன்னையோட முடிஞ்சிதுன்னே இருக்கட்டும். நாளு இருந்தவங்களுக்குத்தானே முடியும்? இல்லாத ஒண்ண எப்படி எடுத்துக்க முடியும்? அப்ப அவங்க இந்த ஊரு. அவங்க பெத்த நான் எந்த ஊரு? இப்ப சொல்லுங்க. பேசிச் சொல்றோம்னு இன்னொரு தடவ சொல்லாதீங்க."

அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பெரியப்பா ஏரியைப் பார்த்தார். அங்கே அவருடைய இறால் அவருக்கில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பி, "வலைய விரிச்சிக் காயப் போடுங்கடா. இன்னிக்கி யாரும் எறங்கறதில்ல" என்றார். என் பக்கம் திரும்பாமலே, தொண்டைக்குள்ளேயே முனகினார். "உனுக்கும் ஒரு நாளு கீது."

"கேக்கல" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருமினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படகுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி, நல்ல ஏரிக்காரக் குரலில் கத்தினார். "உனுக்கும் ஒரு நாளு கீதுன்னேன்! அவசரப்பட்டு எடுத்துக்காத!"